லீவு முப்பது நாள்... ஜோங்காவுக்கு எத்தனை நாள்? ராணுவ வீரர்களின் பழைய வண்டிக் கனவும் வீட்டுக் கணக்கும்!

2019 ஆகஸ்ட்டில் காஷ்மீரில், டெரிட்டோரியல் ஆர்மியின் பாராசூட் பட்டாலியனோடு இரண்டு வாரம் டியூட்டி பார்த்துவிட்டுத் திரும்பினார் தோனி. அடுத்த சில வாரங்களில் ராஞ்சி தெருக்களில் அவர் ஓட்டி வந்த வண்டியைப் பார்த்து ஊரே திரும்பிப் பார்த்தது. அது லேட்டஸ்ட் மாடல் எஸ்.யூ.வி இல்லை. ராணுவம் பல வருஷம் ஓட்டிக் கழித்துவிட்ட ஜோங்கா. அந்த வண்டியை அவரும் அவர் மகளும் சேர்ந்து துடைக்கிற வீடியோ இன்ஸ்டாகிராமில் வைரலானது.

அந்த வீடியோவைப் பார்த்த ராணுவ வீரர்களில் பலருக்கு, 'நாமளும் ஒண்ணு எடுத்து ரெடி பண்ணினா என்ன?' என்று தோன்றியிருக்கும். தப்பே இல்லை. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர்களில் இந்த வண்டிகள் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்தது, மலைப்பாதையில் சக வீரர்களோடு உட்கார்ந்து போனது என ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும்.

ஆனால், தோனியிடம் இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே வீட்டுக்கு வரும் ஒரு ஹவில்தாருக்கு இது சாத்தியமா? வீட்டில் சண்டை வராமல், சேமிப்பு கரையாமல், ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டிக்கொள்ளாமல் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு உயிர் கொடுக்க முடியுமா? முடியும். அதற்கு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காலண்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஜோங்கான்னா என்ன?

பெயரைக் கேட்டால் ஆப்பிரிக்கப் பெயர் மாதிரி இருக்கும். உண்மையில் அது 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி' என்பதன் சுருக்கம். ஜப்பானின் நிசான் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், அவர்களுடைய 'பேட்ரோல் 60' வண்டியின் இந்திய வடிவமாக 1969-லிருந்து ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இது தயாரானது. 1999-ல் உற்பத்தி நின்றது. அதே தொழிற்சாலையில் இருந்து வந்த 'நிசான் ஒன் டன்' வண்டியும், 'சக்திமான்' லாரியும் இதன் கூடப்பிறந்தவை.

ஆபீஸர்களைச் சுமந்தது, நோயாளிகளைச் சுமந்தது, 106 எம்.எம். ரீகாயில்லெஸ் பீரங்கியையும் முதுகில் சுமந்தது. பானெட்டைத் திறந்தால் 3,956 சி.சி., ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இழுவைக்குக் குறையே இல்லை. மைலேஜ் மட்டும் கேட்காதீர்கள். லிட்டருக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். அதனால்தான் ஏலத்தில் எடுத்த பலர் முதல் வேலையாக ஒரிஜினல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள். இன்று ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு ஜோங்கா கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டை, டிரம் பிரேக், கார்பரேட்டர். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் சரிசெய்யக்கூடிய வண்டி. இதுதான் இதன் பலம். இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருப்பவர்களுக்கு இது பழகிய பாடம். மற்றவர்களும் பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளலாம். ஜோங்காவுக்குச் சொல்லும் கணக்கு, மஹிந்திரா ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் கணக்கு: நாள்!

ராணுவத்தில் ஜவான்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. பேப்பரில் 90 நாள். கேட்டபோது கிடைக்குமா என்பது யூனிட்டின் நிலைமையைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் ஆண்டு விடுப்பை இரண்டாகப் பிரித்து, முப்பது முப்பது நாளாக ஊருக்கு வருவார்கள்.

அந்த முப்பது நாளில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜம்மு பக்கம் போஸ்டிங் என்றால் ரயிலிலேயே இரண்டு நாளுக்கு மேல். வந்ததும் உடம்பு தூக்கம் கேட்கும். பிறகு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பேங்க் வேலை, பட்டா வேலை, பிள்ளைகளின் ஸ்கூல், குலதெய்வம் கோயில், நீங்கள் வரும் தேதியைப் பார்த்துக் குறித்த மச்சினன் கல்யாணம். இதற்கு நடுவில், ஆறு மாதமாக எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்த மனைவி உங்களோடு நிம்மதியாக உட்கார்ந்து பேச ஒரு மாலை கிடைக்காதா என்று காத்திருப்பார்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. அப்பா வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பார்க்கும். அந்தக் கூச்சம் தெளிகிற நேரத்தில் அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருந்தால், குழந்தைக்குத் தெரிவது இரண்டு கால்கள் மட்டும்தான்.

அதனால், எளிய கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் லீவில் வண்டிக்குப் பத்து நாள். அதுவும் முதல் வாரம் தொடவே கூடாது, கடைசி மூன்று நாளும் தொடக்கூடாது. அந்தப் பத்து நாளிலும் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குக் கையைக் கழுவிவிட வேண்டும். பட்டாளத்தில் பழகிய உடம்புக்கு அதிகாலை எழுவது கஷ்டமில்லை. வெயிலும் ஏறியிருக்காது.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஒரு லீவுக்கு 50 மணி நேரம், வருஷத்துக்கு 100 மணி நேரம். ஒரு வண்டியைக் கடைசி போல்ட் வரை கழற்றி மாட்ட இது போதாது. ஆகவே எந்த வேலையை நீங்கள் செய்யப்போகிறீர்கள், எதைப் பட்டறைக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். கழற்றுவது, சுத்தம் செய்வது, திரும்ப மாட்டுவது உங்கள் வேலை. வெல்டிங், லேத், இன்ஜின் போரிங், பெயின்ட் எல்லாம் பட்டறை வேலை. இப்படிப் பிரித்தாலும் இரண்டு, மூன்று வருஷம் ஆகும். 'அடுத்த தீபாவளிக்கு ரெடி' என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்: புக்கைப் பாருங்கள், பிறகு வண்டியை!

ராணுவம் கழிக்கும் வண்டிகள் ஏலத்தில் போகும். ஆனால், ஜோங்கா உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால், இன்று கைக்கு வருவதெல்லாம் இரண்டு, மூன்று ஓனர்களைப் பார்த்த வண்டிகள்தான். பேப்பரில்தான் பாதிப் பிரச்னை ஒளிந்திருக்கும்.

ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் வெல்டிங் அடையாளமோ, புதிதாகத் தேய்த்த தடமோ இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. முந்தைய ஓனர் மாட்டிய டீசல் இன்ஜினுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

வேறு மாநில நம்பர் என்றால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வேண்டும். ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும். 'போஸ்டிங் இருக்கிற ஊர்ல சீப்பா கிடைக்குது' என்று வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பும் செலவையும், இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 'சீப்' பல நேரம் காணாமல் போய்விடும்.

போஸ்டிங்கில் ஒரு லாபமும் இருக்கிறது. பழைய ஜீப் உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை என்றால், டெல்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார். பஞ்சாப் - ஹரியானா எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி, ஜீப் வேலைக்கென்றே பெயர்போன ஊர். பதிண்டா கன்டோன்மென்ட்டில் இருப்பவர்களுக்குப் பக்கம்தான். வண்டி ஊரில் இருக்கட்டும். பார்ட்ஸ் வேட்டையை இருக்கும் இடத்திலிருந்து நடத்தலாம். தேவைப்படும் பாகங்களின் அளவும் போட்டோவும் செல்போனில் இருந்தால் போதும்.

வண்டியைப் பார்க்கும்போது...

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பாடியில் வைத்தால் ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். மேட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பேட்டரி வைக்கும் தட்டு, பாடியும் சேஸிஸும் சேரும் இடங்கள், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஆகியவைதான் துருவுக்குப் பிடித்த இடங்கள். சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் நல்ல இரும்பு. மொத்தையாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. பாடியில் துரு இருந்தால் செலவு. சேஸிஸில் துரு இருந்தால் ஆபத்து.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டில் பிரச்னை இருக்கலாம். கறுப்புப் புகை கார்பரேட்டர் கோளாறு. இருப்பதில் இதுதான் லேசானது. ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் பார்க்காதீர்கள். முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர் பாகங்கள் இறுகிவிடும். மண் தரையில் போட்டுப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயரை நம்பக்கூடாது.

எந்த வேலை முதலில்?

ஆசை முதலில் பெயின்ட்டுக்குத்தான் போகும். அதைக் கடைசியில் வையுங்கள். லீவுகளை வைத்து இப்படித் திட்டமிடலாம்.

முதல் லீவு: எதையும் ரிப்பேர் செய்யாதீர்கள். வண்டி நிற்க மழை படாத ஒரு ஷெட், பூட்டுப் போட ஒரு பெட்டி, பேப்பர் வேலை. பிறகு போட்டோ. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது எதுவும் ஞாபகம் இருக்காது.

இரண்டாவது லீவு: சேஸிஸ், பிரேக், ஸ்டீயரிங். துருவைச் சுரண்டி, வெல்டிங் வேண்டிய இடத்தில் செய்து, பிரைமர் அடிப்பது. பிரேக்கில் கஞ்சத்தனமே கூடாது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்தில் ஆயில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பைப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். 'இது நல்லாத்தான் சார் இருக்கு' என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றுங்கள். இந்த வண்டியில் உங்கள் பிள்ளைகள் உட்காரப்போகிறார்கள்.

மூன்றாவது லீவு: இன்ஜின், கியர் பாக்ஸ். இறக்குவது ஒரு நாள், பட்டறைக்கு அனுப்புவது ஒரு நாள். போரிங், பிஸ்டன், ரிங் வேலையெல்லாம் நீங்கள் யூனிட்டில் இருக்கும்போது நடக்கட்டும்.

நான்காவது லீவு: இன்ஜினை ஏற்றி, வயரிங்கை முழுதாக மாற்றுவது. பழைய வயரில் டேப் சுற்றி ஒப்பேற்றுவதுதான் பல வண்டிகளில் தீப்பிடிக்கக் காரணம். ராணுவத்திலிருந்து வந்த வண்டி என்பதால் சிஸ்டம் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு பல்பும் பேட்டரியும் வாங்குங்கள். இதற்குப் பிறகுதான் டிங்கரிங், பெயின்ட், சீட்.

பெட்ரோல் இன்ஜினையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், கேஸ்கட் போட்டுவிடுங்கள். லீவு முடிந்து கிளம்பும்போது டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்துவிட்டுப் போங்கள்.

'உடனே ரிப்போர்ட் பண்ணு' என்று போன் வந்தால்?

சிவிலியன் ஒருவர் வண்டி ரெடி பண்ணுவதற்கும் ராணுவ வீரர் பண்ணுவதற்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' சமயத்தில் லீவில் வந்திருந்த வீரர்கள் பலர் பாதியிலேயே திரும்ப அழைக்கப்பட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது பையைக் கட்டும் நேரம் மட்டும்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில், வீட்டு வாசலில் சக்கரமில்லாமல் கட்டையின் மேல் ஒரு வண்டி, திறந்து கிடக்கும் இன்ஜின், வராந்தா முழுக்க ஆயில் படிந்த பாகங்கள்... எல்லையில் என்ன நடக்கிறதோ என்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியின் தலையில் அந்தப் பாரத்தையும் வைத்துவிட்டுப் போகக்கூடாது.

ஆகவே, எந்த வேலையையும் ஒரே நாளில் மூடி வைக்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்துச் செய்யுங்கள். இன்று ஒரு சக்கரத்தின் பிரேக் என்றால், சாயங்காலத்துக்குள் அந்தச் சக்கரம் திரும்ப மாட்டப்பட்டிருக்க வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். தினமும் வேலை முடிந்ததும் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எண்ணெய், தின்னர் டப்பாக்களைப் பூட்டி வைத்து, எங்கே நிறுத்தினோம் என்று ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். நாளைக்கே போன் வந்தாலும் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பலாம்.

இன்ஜின் இறக்குவது மாதிரிப் பெரிய வேலைகளை லீவின் முதல் பாதியில் வையுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

நீங்கள் இல்லாத நாள்களில்...

ஓனர் பக்கத்தில் இல்லாத வண்டி பட்டறையில் மூலைக்குத் தள்ளப்படும். பாகங்கள் மாறிப்போவதும் உண்டு. கொடுக்கும் முன் கார்பரேட்டர், செல்ஃப் மோட்டார், டைனமோ என விலையுள்ள பாகங்களின் நம்பரை எழுதி, பெயின்ட்டில் ஓர் அடையாளம் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலைப் பட்டியலை எழுதி மெக்கானிக்கிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முடிந்த வேலையை வீடியோவில் பார்த்து, அதற்கு மட்டும் பணம்.

முக்கியமாக, மெக்கானிக்கை விரட்டும் வேலையை மனைவியிடம் தள்ளாதீர்கள். ஏற்கெனவே கேஸ் புக் பண்ணுவதிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியில் ஆட்டோ பிடிப்பது வரை அவர்தான் பார்க்கிறார். அவருக்கே ஆர்வம் இருந்து, 'நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னால் அது வேறு. இல்லையென்றால் ஓய்வுபெற்று ஊரில் இருக்கும் ஒரு சீனியரையோ, தம்பியையோ கேளுங்கள். ஊரில் இருக்கும் ரிட்டயர்டு சுபேதாருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் சந்தோஷமாகவே செய்வார்.

நெட்வொர்க் இல்லாத ஃபீல்டு ஏரியாவில் இருந்து வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் போன் பேசக் கிடைக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிஷத்தில் 'வண்டி என்னாச்சு?' என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம்.

பணம்: பி.எஃப்-ஐத் தொடாதீர்கள்!

ஜவான்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியிலோ, காலேஜிலோ இருப்பார்கள். ஆயுதப்படை பி.எஃப்-பில் சேரும் பணம் வீடு, படிப்பு, இரண்டாவது வேலை கிடைக்கும் வரையிலான செலவு என எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதிலிருந்து வண்டிக்கு எடுக்காதீர்கள். பர்சனல் லோனும் வேண்டாம். பழைய வண்டிக்கு எப்போது எவ்வளவு செலவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

இரண்டு விஷயம் செய்யலாம். வண்டி வாங்கும் விலைக்குக் குறையாத ஒரு தொகையை ரிப்பேருக்கென்று ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். பிறகு, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, தனிக் கணக்கில் போடுங்கள். அதில் பணம் இருந்தால் வேலை நடக்கும். தீர்ந்தால் வேலை நிற்கும். வீட்டில் கண் ஆபரேஷனோ, காலேஜ் ஃபீஸோ வந்தால் அந்தக் கணக்கை முதலில் உடைக்கலாம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ரெடியான பிறகும் செலவு இருக்கிறது. லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் வண்டியில் குடும்பத்தோடு 200 கி.மீ. போய் வந்தால் 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 5,000 ரூபாய். ஆக, இது மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் வண்டி. தினமும் ஸ்கூலுக்கு விட ஸ்கூட்டரே போதும்.

பச்சை பெயின்ட் வேண்டாம்!

ராணுவ வண்டியை ரெடி பண்ணும் எல்லோருக்கும் அதே ஆலிவ் கிரீனில் பார்க்கத்தான் ஆசை. ஆனால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டியும் அந்த நிறத்தில் இருக்கக்கூடாது. நீங்கள் பணியில் இருக்கும் ராணுவ வீரர் என்றாலும் உங்கள் சொந்த வண்டி சிவிலியன் வண்டிதான். அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர், யூனிட் சின்னம் எதையும் எழுதாதீர்கள். மாட்டினால் போலீஸோடு போகாது, யூனிட் வரைக்கும் வரும். மணல் நிறம், ஐவரி, அடர் நீலம் என்று எதையாவது தேர்ந்தெடுத்து, நிற மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய கார், ஜீப் வகைகளுக்கு இந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 50 வருஷத்தைத் தாண்டிய வண்டி என்றால் 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால், வண்டி ஒரிஜினல் அமைப்பிலேயே இருக்க வேண்டும், அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. ஆரம்ப காலத்து ஜோங்காக்கள் இந்த வயதைத் தொட்டுவிட்டன. டீசல் இன்ஜின் மாட்டியவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. ஒரிஜினல் இன்ஜினைத் தூக்கிப் போடும் முன் இதையும் யோசியுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை?

வண்டியை அப்பாவின் ரகசிய உலகமாக வைத்துக்கொண்டால் வீடு அதைப் போட்டியாகத்தான் பார்க்கும். பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரிப்பது, கவரில் பெயர் எழுதி ஒட்டுவது, போட்டோ எடுப்பது, டார்ச் அடிப்பது என எட்டு வயசுப் பிள்ளைக்கு நிறைய வேலை இருக்கிறது. பன்னிரண்டு வயசில் கார்பரேட்டர் எப்படிக் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது என்று கையில் வைத்துக் காட்டலாம்.

சில இடங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வெல்டிங், கிரைண்டிங், பேட்டரி ஆசிட், பெட்ரோல், தின்னர் பக்கத்தில் பிள்ளைகள் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். ஒன்றரை டன் வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் போகவே போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். ரெடியான வண்டியில் நல்ல இடத்தில் சீட் பெல்ட் பொருத்திய பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

மனைவிக்கு இதில் ஆர்வம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால், என்ன நிறம், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பதில் அவருக்குச் சம உரிமை வேண்டும். 'வண்டிக்கு நட்டு தேடி மூணு கடை ஏறி இறங்குறீங்க, எனக்கு ஒரு புடவை எடுக்க வர மாட்டேங்கிறீங்க' என்ற வார்த்தை வருவதற்கு முன்பே ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம்.

எப்போது விட்டுவிடலாம்?

இரண்டு லீவு தொடர்ந்து வண்டியைத் தொடவே முடியவில்லை, ஷெட்டில் கிடந்து பாகங்கள் துருப்பிடிக்கின்றன, அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் முகம் வாடுகிறது என்றால், தார்ப்பாய் போட்டு மூடி ஓய்வுபெறும் வரை காத்திருக்கலாம். அல்லது நல்ல கைக்கு விற்றுவிடலாம். பேப்பர் சரியாக இருந்து, போட்டோவும் பாகங்களும் ஒழுங்காக இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு இதைத் தொடங்குகிறவர்களும் உண்டு. இருபது வருஷம் விசில் சத்தத்துக்கு எழுந்து பழகியவர்களுக்குத் திடீரென்று வெறுமையாக விடியும் காலைகள் கஷ்டமானவை. அந்தக் காலைகளுக்குக் கையில் ஒரு வேலை இருப்பது பெரிய பலம். அதுவரை ஷெட்டில் காத்திருப்பதில் ஜோங்காவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மழை படாமல் வைத்திருந்தால் போதும். பிள்ளைகளின் வயசுதான் காத்திருக்காது. முப்பது நாளில் பத்து நாள் என்ற கணக்கு, அதற்காகத்தான்.